15 அங்குல வீலை 17 ஆக்கலாமா? அங்குலத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: சிறிய ஹேட்ச்பேக் கார். கம்பெனியில் இருந்து வந்தது 185/65 ஆர்15 88எச் டயர், 5.5ஜே (5.5 அங்குலம்) அகலமும் ஈ.டி 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம், நான்கு நட், பி.சி.டி (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ. கையேட்டில் போட்டிருக்கும் காற்று 32 பி.எஸ்.ஐ. வீல் ஆர்ச்சுக்குள் சக்கரம் சின்னதாகத் தெரிகிறது. 17 அங்குல அலாய் போட ஆசை. போடலாமா, போட்டால் என்ன கெடும், 16 போதுமா?

17 போட முடியும். ஆனால் இந்த அளவுக் காருக்கு 16தான் சரி என்பது என் கருத்து. அதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் எல்லோரும் அங்குலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கார் எப்படி ஓடப்போகிறது என்பதை முடிவு செய்வதோ டயரின் மொத்த விட்டம், சுமைக் குறியீடு, ஆஃப்செட், எடை ஆகிய நான்கும்.

முதலில் விட்டம். 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., சைடுவால் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மேலும் கீழும் சைடுவாலைச் சேர்த்தால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. ரிம் எவ்வளவு பெரிதானாலும் இந்த எண் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். 195/55 ஆர்16க்குக் கணக்குப் போட்டால் 620.9 மி.மீ. வருகிறது, வித்தியாசம் 0.1 சதவீதம்தான். 205/45 ஆர்17க்கு 616.3 மி.மீ.; 0.8 சதவீதம் குறைவு, இதுவும் பரவாயில்லை. 205/50 ஆர்17க்கு 636.8 மி.மீ. வரும், 2.5 சதவீதம் அதிகம். இரண்டு சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. மூன்றைத் தாண்டவே கூடாது.

பெரிய வீல் போட்டால் கார் உயரும், தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடைவெளி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். மொத்த விட்டத்தைச் சரியாக வைத்திருந்தால் கார் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ரப்பரும் காற்றும் இருந்த இடத்தை உலோகம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விட்டத்தையும் கூட்டி உயர்த்தப் பார்த்தால் வேறு மூன்று இடங்களில் இடிக்கும். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கும்: 205/50 ஆர்17 போட்டால், முன்பு மீட்டர் சரியாகக் காட்டியிருந்தால், இப்போது முள் 100 காட்டும்போது கார் 102.5ல் போய்க்கொண்டிருக்கும். ஐக்கிய நாடுகளின் 39ஆம் வாகன விதிமுறை, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக எப்போதும் காட்டக்கூடாது என்கிறது. அதனால் கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்படி வைக்கின்றன. அந்த மிச்சத்தை நம்பி டயரைப் பெரிதாக்குவது சரியில்லை. இரண்டாவது, எல்லா கியரும் ஒரு துளி நீளமாகிவிடும். சின்ன எஞ்சினில் மேட்டில் இழுவை குறைவது உடனே தெரியும். மூன்றாவது உரசல், அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது சுமைக் குறியீடு. இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்.

உங்கள் டயரில் உள்ள 88 என்ற எண்ணுக்கு அர்த்தம், அந்த டயர் அதிகபட்சம் 560 கிலோ தாங்கும் என்பது. 205/45 ஆர்17 சாதாரண வகையில் 84 என்ற குறியீட்டோடு வரும். 84 என்றால் 500 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்து 240 கிலோ தாங்குதிறன் போய்விடுகிறது. டயர் பார்க்க அகலமாக, முரட்டுத்தனமாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவோ குறைந்திருக்கும். சுமையைத் தாங்குவது காற்றுதான், ரப்பர் அல்ல. ஆகவே இந்த அளவில் 88 குறியீடுள்ள எக்ஸ்.எல் (எக்ஸ்ட்ரா லோட், கூடுதல் சுமை தாங்கும்) வகையை மட்டுமே வாங்க வேண்டும்.

எக்ஸ்.எல் வாங்கினாலும் வேலை பாதிதான் முடிந்தது. சாதாரண டயர் தன் முழுத் தாங்குதிறனை 2.5 பார் அழுத்தத்தில், அதாவது 36 பி.எஸ்.ஐ.யில் காட்டும். எக்ஸ்.எல் டயருக்கு அதே திறனைக் காட்ட 2.9 பார், அதாவது 42 பி.எஸ்.ஐ. வேண்டும். அழுத்தம் குறையும்போது தாங்குதிறன் அதன் 0.8 அடுக்குக்கு ஏற்பக் குறையும். பழைய டயர் 32 பி.எஸ்.ஐ.யில் ஏறக்குறைய 505 கிலோ தாங்கிக்கொண்டிருந்தது. புது 205/45 ஆர்17 88 எக்ஸ்.எல் டயரிலும் பழக்கத்தில் அதே 32 அடித்தால் அது தாங்குவது 450 கிலோவுக்கு அருகில்தான். பழைய 505ஐ எட்ட 37 பி.எஸ்.ஐ. அடிக்க வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பழைய டயருக்கு எழுதியது. டயர் மாறினால் அந்த எண்ணும் மாறும். எக்ஸ்.எல் டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் சைடுவால் அளவுக்கு மீறி மடங்கும், உள்ளே சூடேறும், நீண்ட வேகப் பயணத்தில் உள் நூலிழைகள் பிரியும். தோள்பகுதி சீக்கிரம் தேய்வதுதான் வெளியே தெரியும் முதல் அடையாளம்.

இதையே 16க்குப் பார்ப்போம். 195/55 ஆர்16 சாதாரண வகை 87 குறியீட்டில் வரும், 545 கிலோ. பழைய 88ஐவிட ஒரு படி கீழே. அதே அளவில் 91 எக்ஸ்.எல் கிடைக்கிறது, 615 கிலோ. அதை வாங்கினால் 33 பி.எஸ்.ஐ. போதும். பழைய அழுத்தத்தைவிட ஒரே ஒரு எண் கூடுதல், அதற்குமேல் கையில் இருப்பும் இருக்கிறது. வேகக் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்: எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240. இருந்ததைவிடக் கீழே போக வேண்டாம்.

சொகுசு எங்கே போகிறது என்பதும் இதே கணக்கில் தெரியும். சைடுவால் 120ல் இருந்து 16க்கு 107 ஆகிறது, 17க்கு 92 ஆகிறது. அந்த 92ம் முழுதாக மெத்தை ஆகாது. ரிம்மின் விளிம்பு டயருக்குள் சுமார் 17 மி.மீ. ஏறி நிற்கும். பள்ளத்தின் ஓரம் டயரை நசுக்கும்போது உலோகத்தைத் தொடுவதற்கு முன் இருக்கும் இடைவெளி பழைய டயரில் 103 மி.மீ., 16ல் 90, 17ல் 75. அதோடு 17க்கு 37 பி.எஸ்.ஐ. காற்று வேறு. மெல்லிய சைடுவால், இறுக்கமான காற்று இரண்டும் சேர்வதால்தான் 15ல் இருந்து 16க்குப் போகும்போது தெரியாத கடினம் 16ல் இருந்து 17க்குப் போகும்போது முதுகில் தெரிகிறது.

பள்ளத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்று பக்கத்தில் போய்ப் பாருங்கள். கூரான விளிம்பு டயரை ரிம்மோடு சேர்த்துக் கத்தரிக்கோல் போலக் கவ்வுகிறது. சைடுவாலுக்குள் மேலிருந்து கீழாக ஓடும் நூலிழைகளில் சில அந்த இடத்தில் அறுந்துபோகும். காற்று உடனே இறங்காது. ஒன்றிரண்டு நாளில் அதே இடத்தில் பாதி எலுமிச்சம்பழம் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு புடைப்பு எழும். இழை அறுந்த டயரை ஒட்டவோ பழுது பார்க்கவோ முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும். புடைப்போடு வேகமாக ஓட்டினால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். ரிம் வளைந்தால் பெரும்பாலும் உள்பக்க உதடுதான் வளையும், ஏனென்றால் ஸ்போக்குகள் வெளிப்பக்கத்தைத்தான் தாங்கிப் பிடிக்கின்றன. வெளியே நின்று பார்த்தால் வீல் பளபளவென்று இருக்கும். காற்று மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைந்துகொண்டே போகும். ரிம்மைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தால் பள்ளமோ, ஸ்போக்குக்குப் பின்னால் தலைமுடி போன்ற விரிசலோ தட்டுப்படும். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். வார்ப்பு அலாய்க்கு அதன் பலம் வெப்பப் பதனத்தில் வந்தது; வெல்டிங் சூடு அதைக் கெடுத்துவிடும்.

எடை விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. வீலில் ஒரு கிலோ கூடினால் காரில் பத்துக் கிலோ ஏற்றியதற்குச் சமம் என்பார்கள். அது சரியல்ல. உருளும் சக்கரத்தில் ஒரு கிலோ எவ்வளவு வெளியே இருந்தாலும் வேகமெடுக்கும்போது இரண்டு கிலோவுக்கு மேல் கணக்காகாது. ரிம் இருக்கும் தூரத்தில் ஒன்றரைக் கிலோ. 15 அங்குல அலாயும் டயரும் சேர்ந்ததைவிடச் சாதாரண வார்ப்பு 17 அங்குல ஜோடி ஒரு சக்கரத்துக்கு 3, 4 கிலோ கூடுதலாக இருப்பது வழக்கம். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு சின்னப் பையன் கூட ஏறியதுபோல. முடுக்கத்தில் அதிகம் தெரியாது. ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை வேறு கதை. முன் சக்கரத்தில் ரிம், டயர், டிஸ்க், காலிப்பர், ஹப் எல்லாம் சேர்ந்து முப்பது நாற்பது கிலோதான் இருக்கும். அதில் 4 கிலோ கூடினால் பத்தில் ஒரு பங்கு கூடியது. சக்கரம் மேட்டில் தூக்கி எறியப்பட்டால் அதைத் திரும்பத் தரைக்குக் கொண்டுவர ஷாக் அப்சார்பர் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். கரடுமுரடான சாலையில் ஸ்டீயரிங் அதிர்வதும், வளைவில் ஒரு மேடு வந்தால் கார் பக்கவாட்டில் துள்ளுவதும் இதனால்தான்.

ஆகவே ரிம் வாங்கும்போது ஒரு தராசைக் கேளுங்கள். ஒரே அளவில் ஒரு டிசைன் 7.5 கிலோ, இன்னொன்று 10.5 கிலோ இருக்கலாம். சாதாரண வார்ப்பு ரிம் கனமாக இருக்கும். ஃப்ளோ ஃபார்ம் செய்ததில் பீப்பாய்ப் பகுதியை உருட்டி மெலிதாக்குவதால் எடை குறையும். ஃபோர்ஜ் செய்தது, அதாவது உலோகத்தை அழுத்தி வடித்தது, எல்லாவற்றிலும் லேசானது, விலையும் உச்சம். ஸ்போக்கின் பின்பக்கம் அதிகபட்சச் சுமை கிலோவில் பொறித்திருக்கிறதா, ஜே.டபிள்யூ.எல் போன்ற தரக்குறி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இரண்டும் இல்லாத ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பெரிய வீலால் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. சைடுவால் குட்டையாகவும் ரிம் அகலமாகவும் இருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் தாமதிக்காமல் திரும்பும். வேகமான வளைவில் டயர் பக்கவாட்டில் மடங்காது. ஆனால் பிடிமானம் பெரும்பாலும் ரப்பர் கலவையில் இருந்து வருகிறது. பணத்துக்கு ஒரு எல்லை இருந்தால், 17 அங்குல ரிம்மில் மட்டமான டயரைப் போடுவதைவிட 15லேயே முதல்தர டயர் போட்ட கார் பிரேக்கிலும் மழையிலும் நன்றாக நிற்கும். ஃபார்முலா 1 கார்களே 2021 வரை 13 அங்குல ரிம்மில்தான் ஓடின. 2022ல்தான் 18க்கு மாறின. பெரிய பிரேக் டிஸ்க் மாட்ட இடம் வேண்டும் என்பதுதான் பெரிய ரிம்முக்கான நேர்மையான பொறியியல் காரணம். உங்கள் பிரேக் அதே பிரேக்காக இருக்கும்வரை அந்தக் காரணம் உங்களுக்குப் பொருந்தாது.

மழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டயரை அகலமாக்கினால் தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது என்று நினைக்கிறோம். பரப்பை முக்கியமாக முடிவு செய்வது சுமையும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடும்போது அந்தப் பரப்பு அகலமாகி நீளத்தில் குறுகுகிறது. தேங்கிய தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட அகல டயருக்கு அதிக வேலை, குறைந்த நேரம். டயர் தேய்ந்து பள்ளம் குறைந்த நிலையில் வேகமாகப் போனால் அகல டயர் முதலில் தண்ணீர் மேல் மிதக்கும்.

இனி பொருத்தம். ஆஃப்செட் என்பது ரிம் ஹப்பில் அமரும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம். எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும். உங்கள் 5.5ஜே ஈ.டி 45க்குப் பதில் 7ஜே ஈ.டி 40 போடுகிறீர்கள் என்று வையுங்கள். அகலம் ஒன்றரை அங்குலம், 38 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 5 குறைந்ததால் ரிம்மின் வெளி விளிம்பு 24 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 14 மி.மீ. உள்ளே போகும். டயரின் பிதுக்கம் இவ்வளவு மாறாது, ஏனென்றால் குறுகிய ரிம்மில் டயர் ரிம்மைவிட வெளியே பிதுங்கி இருந்தது. டயர் விளிம்பு வெளியே சுமார் 13, 14, உள்ளே 3, 4 மி.மீ. நகரும். இரண்டையும் கணக்கெடுங்கள். உள்ளே ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) ஸ்பிரிங் தட்டுக்கும் டயருக்கும் இப்போது எவ்வளவு இடைவெளி என்று அளந்துவிட்டுத்தான் ரிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆஃப்செட்டை 5 மி.மீ.க்கு மேல் குறைக்காதீர்கள். சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங்கில் நெம்புவிசை கூடும், பள்ளமான தடங்களில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். 16க்குப் போனால் 6ஜே ஈ.டி 45 போதும். ரிம் பக்கத்துக்கு 6 மி.மீ. மட்டுமே நகர்கிறது. டயருக்கும் அதற்கேற்ற ரிம் அகலம் வேண்டும்: 195/55 ஆர்16க்கு 5.5 முதல் 7 வரை, 205/45 ஆர்17க்கு 6.5 முதல் 7.5 வரை.

பி.சி.டி அப்படியே பொருந்த வேண்டும். 112ம் 114.3ம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று நட்டைப் போட்டு இழுத்துப் பூட்டுபவர்கள் உண்டு. அதில் ஒவ்வொரு ஸ்டட்டும் வளைந்த நிலையிலேயே வேலை செய்யும். ஒரு நாள் முறியும். நடுத் துளையும் பார்க்க வேண்டும். வெளிச்சந்தை ரிம்கள் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்று 73.1 மி.மீ. போன்ற பெரிய துளையோடு வரும். உங்கள் ஹப் 54.1 ஆக இருக்கலாம். இடையே சரியான அளவில் ஹப் ரிங் போடாவிட்டால் ரிம் மையம் தவறி அமரும். பேலன்சிங் இயந்திரத்தில் பூஜ்யம் காட்டும், சாலையில் 90 தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். பலமுறை பேலன்சிங் செய்தும் தீராத நடுக்கத்துக்கு முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது ரிம்மின் துளையோடு ஒத்துப்போக வேண்டும். கூம்புத் துளையில் உருண்டை நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் பிடிக்கும். இறுக்கியது போலத் தெரியும், நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். 12 மி.மீ. ஸ்டட்டில் மரை 1.5 மி.மீ. இடைவெளி என்றால் நட் குறைந்தது எட்டுச் சுற்று ஏற வேண்டும்.

டயரை ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை முன்பக்க ஹப்பில் மாட்டிப் பாருங்கள். டயர் ஏறி விளிம்பில் கீறல் விழுந்த ரிம்மை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மாட்டி, கையால் சுற்றுங்கள். காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் 3 மி.மீ. ஆவது இருக்க வேண்டும். உள்ளே ஒட்டும் பேலன்ஸ் வெயிட்டுக்கும் அந்த இடம் தேவை. இது சரியானால் ஒரு டயரை மட்டும் ஏற்றி, மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் சாய்தளத்தில் ஏற்றி ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மறுபடி திருப்பிப் பாருங்கள். ஸ்ட்ரட், டை ராட் முனை, பிளாஸ்டிக் லைனர், ஃபெண்டரின் உள்மடிப்பு நான்கிலும் உரசலைத் தேடுங்கள். லைனரில் பளபளப்பாகத் தேய்ந்த கோடு தெரிந்தால் ஆட்களோடும் சாமானோடும் போகும்போது கட்டாயம் உரசும். பின்சக்கரத்துக்குப் பின் இருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்துப் பாருங்கள்.

இறுக்கும்போது சக்கரம் தூக்கிய நிலையில் எதிரெதிராகக் கையால் அமரவைத்து, தரையில் இறக்கிய பின் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும், 12 மி.மீ. ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். காற்றுத் துப்பாக்கியால் முடிக்க விடாதீர்கள். மரையில் கிரீஸ் தடவக் கூடாது. தடவினால் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போது ஸ்டட் அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபார்க்கவும். அலைன்மென்ட் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டி.பி.எம்.எஸ் (டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு) இருந்தால் புது அழுத்தத்துக்கு மறுபடி பதிவு செய்ய வேண்டும். உங்கள் பகுதி வாகன விதியும் காப்பீட்டு நிறுவனமும் இந்த மாற்றத்தை ஏற்கின்றனவா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே எழுதி வாங்க வேண்டியது: 195/55 ஆர்16 91 எக்ஸ்.எல், 6ஜே, ஈ.டி 45, பி.சி.டி 100, 8 கிலோவுக்குள் ரிம், 33 பி.எஸ்.ஐ. சாலை வழவழப்பாக இருந்து, தோற்றத்துக்காக 17தான் வேண்டும் என்றால் 205/45 ஆர்17 88 எக்ஸ்.எல், 7ஜே, ஈ.டி 40 முதல் 45க்குள், 9 கிலோவுக்குள் ரிம், 37 பி.எஸ்.ஐ.; வாரம் ஒருமுறை காற்று பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக்குள் வையுங்கள். ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்மாகவே இருக்கும். அலாய்க்கு வாங்கிய நட் அதில் உட்காராமல் போகலாம். அது நடுவழியில், இருட்டில் பஞ்சராகி நிற்கும்போதுதான் தெரியவரும்.